நேர்கோடும் அதன் வெட்டுத்துண்டுகளும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க்குழுவினர் பணித்தபோது, எதனை எழுதுவதென்று யான் நெடிது சிந்திக்கவில்லை. கல்லூரியின் வரலாற்றை எழுதவல்லார் பலருளர். விளையாட்டுத்துறை வெற்றிகளை நினைவிலிருந்து ஒப்புவிக்கவல்லாரும் உளர். கணிதம் படிப்பித்தே காலங் கழித்தவனுக்குக் கணிதமன்றி வேறெது கைவரும்? ஆதலின் ஒரு பாடத்தையே எழுதத் துணிந்தேன்.

பாடம் சிறிது. உயர்தர வகுப்பு மாணாக்கர் ஒரு பாடவேளையிற் கற்று முடிக்கத்தக்கது. ஒரு நேர்கோடு இரண்டு அச்சுகளையும் எங்கெங்கே வெட்டுகின்றது என்பது தெரிந்தால் அக்கோட்டின் சமன்பாட்டை எழுதுவது எவ்வாறு என்பதே அது. பழைய மாணவர்களுட் பலர் இதனைக் கற்று, பரீட்சையில் எழுதி, மறந்தும் இருப்பர். ஆயினும் இச்சிறு பாடத்திலேதான் பல்லாண்டுகளுக்கு முன் யான் ஒரு பிழை செய்தேன். பிழையைச் செய்தவன் யான். அதனாற் புள்ளி இழந்தவர் ஒரு மாணாக்கர். பாடத்தை முதலிற் கூறிப் பிழையைப் பின்னர்க் கூறுவேன். பாடம் விளங்காதார்க்குப் பிழையும் விளங்காது.

1. சொல்லும் குறியீடும்

ஒரு கடதாசியிற் கிடையாக ஒரு கோடும் அதற்குச் செங்குத்தாக ஒரு கோடும் வரைக. இவை அச்சுகள் எனப்படும். இவை ஒன்றையொன்று வெட்டுமிடம் உற்பத்தி. ஆங்கில எழுத்துகளையே இவ்விடங்களில் வழங்குதல் மரபாயினும், ஈண்டுத் தமிழெழுத்துகளைக் கொண்டு எழுதுவோம். கிடையச்சை ய-அச்சு என்றும், நிலைக்குத்தச்சை ர-அச்சு என்றும், உற்பத்தியை ஓ என்றும் கொள்க. ஒரு புள்ளியின் ஆள்கூறுகளை (ய, ர) என எழுதுவோம். இரண்டு எழுத்துகளுக்கிடையே இடும் சிறு குற்று பெருக்கலைக் குறிக்கும்.

ஒரு நேர்கோடு ய-அச்சை ப என்னும் புள்ளியிலும் ர-அச்சை ம என்னும் புள்ளியிலும் வெட்டுகின்றது எனக் கொள்வோம். ப இன் ஆள்கூறுகள் (அ, 0). ம இன் ஆள்கூறுகள் (0, இ). இவ்விடத்து அ என்பது ய-அச்சின் வெட்டுத்துண்டு. இ என்பது ர-அச்சின் வெட்டுத்துண்டு. அச்சிலிருந்து கோடு வெட்டியெடுக்கும் துண்டு ஆதலின் இப்பெயர் பொருத்தமானதே. ஒன்றை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும். வெட்டுத்துண்டு வெறும் நீளம் அன்று. குறியோடு கூடிய எண். உற்பத்திக்கு இடப்புறத்திலோ கீழ்ப்புறத்திலோ கோடு வெட்டுமாயின் வெட்டுத்துண்டு மறையெண்ணாகும்.

கோட்டிற்கும் சமன்பாட்டிற்கும் உள்ள இவ்வுறவு மிகப் பழையதன்று. பிரான்சு நாட்டறிஞர் தெக்காட்டு 1637 ஆம் ஆண்டில் வெளியிட்ட கேத்திரகணித நூலும், அவர் காலத்தவராகிய பேர்மா தனியே எழுதிய சிறு நூலும் இதற்கு அடிகோலின. முதற்படிச் சமன்பாடு நேர்கோட்டைக் குறிக்கும் என்பதைப் பேர்மா தெளிவாகக் காட்டினார். எனினும் அந்நூல் அவர் இறந்த பின்னரே, 1679 இல், அச்சேறிற்று. இருவரும் இன்று நாம் வரைவதுபோல இரண்டு அச்சுகளை வரைந்து தொடங்கினாரல்லர். அவ்வழக்கம் பின்வந்தோரால் உறுதிபெற்றது.

2. பரப்பளவினால் நிறுவல்

இனிச் சமன்பாட்டைப் பெறுவோம். இதனைப் பல வழிகளிற் பெறலாம். என் மனத்துக்கு உகந்தது பரப்பளவு வழி. அ, இ இரண்டும் நேரெண்கள் எனக் கொண்டு, ப, ம ஆகிய புள்ளிகளை இணைத்து, அவற்றினிடையே கோட்டின்மேல் யாதேனும் ஒரு புள்ளி த வைக் குறிக்க. அதன் ஆள்கூறுகள் (ய, ர). ஓ, த இரண்டையும் இணைக்க. ஓபம என்னும் பெரிய முக்கோணி இப்பொழுது இரண்டு சிறு முக்கோணிகளாகப் பிரிகின்றது.

ஓதம என்னும் முக்கோணியின் அடி ஓம. அதன் நீளம் இ. அவ்வடியிலிருந்து த விற்குள்ள செங்குத்துத் தூரம் ய. எனவே அதன் பரப்பளவு ½ இ·ய.

ஓபத என்னும் முக்கோணியின் அடி ஓப. அதன் நீளம் அ. அவ்வடியிலிருந்து த வின் உயரம் ர. எனவே அதன் பரப்பளவு ½ அ·ர.

பெரிய முக்கோணியின் பரப்பளவு ½ அ·இ. பகுதிகள் சேர்ந்து முழுமையாதலின்,

இ·ய + அ·ர = அ·இ.

இருபுறத்தையும் அ·இ ஆல் வகுக்க,

ய/அ + ர/இ = 1.

இதுவே வெட்டுத்துண்டு வடிவம் எனப்படும் சமன்பாடு. இதன் அழகு யாதெனின், இதிலுள்ள ஒவ்வோர் உறுப்பும் ஒரு பொருளை உரைப்பது. வலப்புறத்து 1 முழு முக்கோணி. இடப்புறத்து இரண்டு பின்னங்களும் அம்முழுமையை த எந்த விகிதத்திற் பங்கிட்டது என்பதைக் கூறுகின்றன. த ஆனது ப ஐ நோக்கி நகரும்போது முதற்பங்கு வளர்கின்றது, இரண்டாம் பங்கு தேய்கின்றது. ப ஐ அடைந்தவுடன் முதற்பங்கு 1, இரண்டாம் பங்கு பூச்சியம். கோடு முழுவதும் இவ்வாறு கொடுத்தும் வாங்கியும் கூட்டுத்தொகையை மாறாது காக்கின்றது.

த ஆனது ப ஐக் கடந்து அப்பாற் சென்றால் யாதாகும்? முதற்பின்னம் 1 ஐ விஞ்சும், இரண்டாவது மறையாகும், கூட்டுத்தொகை அப்பொழுதும் 1. சான்றாக, வெட்டுத்துண்டுகள் 4, 3 ஆகவுள்ள கோட்டில் (8, −3) என்னும் புள்ளி உளது. 8/4 = 2; −3/3 = −1; கூட்ட 1.

முக்கோணிப் படத்தில் எல்லாக் குறிகளுக்கும் நிறுவல் காட்டுதல் சற்றே நீளும். படித்திறனைக் கொண்டு செய்யின் குறிபற்றிய கவலையில்லை. ப, ம என்பவற்றிற்கிடையே படித்திறன் −இ/அ. ம, த என்பவற்றிற்கிடையே படித்திறன் (ர − இ)/ய. ஒரே கோடாதலின் இரண்டும் சமன். குறுக்கே பெருக்கி ஒழுங்குபடுத்த மேற்கண்ட சமன்பாடே கிடைக்கும். மாணாக்கர் தாமே செய்து பார்ப்பாராக.

3. உதாரணங்கள்

உதாரணம் 1. வெட்டுத்துண்டுகள் 4, 3 ஆகவுள்ள கோட்டின் சமன்பாடு யாது?

ய/4 + ர/3 = 1. இருபுறத்தையும் 12 ஆற் பெருக்க, 3ய + 4ர = 12. விடையைச் சரிபார்த்தல் எளிது: (4, 0) ஐ இட 12 வருகின்றது, (0, 3) ஐ இட 12 வருகின்றது. விடையெழுதிய பின் இவ்விரு புள்ளிகளையும் இட்டுப் பார்க்க அரை நிமிடமே செல்லும். அவ்வரை நிமிடத்தைச் செலவிடாது முழுப் புள்ளியை இழந்தோர் பலர்.

உதாரணம் 2. வெட்டுத்துண்டுகள் −2, 5.

ய/(−2) + ர/5 = 1. 10 ஆற் பெருக்க, −5ய + 2ர = 10; அதாவது 5ய − 2ர + 10 = 0.

உதாரணம் 3. 2ய − 3ர = 12 என்னும் கோட்டின் வெட்டுத்துண்டுகளையும், அக்கோடு அச்சுகளோடு ஆக்கும் முக்கோணியின் பரப்பளவையும் காண்க.

வலப்புறம் 1 ஆக வேண்டுமாதலின் 12 ஆல் வகுக்க: ய/6 − ர/4 = 1. இரண்டாம் உறுப்பை ர/(−4) என நினைக்க. ஆகவே வெட்டுத்துண்டுகள் 6, −4. இங்கு 4 என விடையெழுதுதலும், ய, ர என்பவற்றின் முன்னிற்கும் 2, −3 என்பவற்றையே வெட்டுத்துண்டுகள் என எழுதுதலும் வகுப்புத்தோறும் காணும் வழுக்கள். பரப்பளவு ½ × 6 × 4 = 12 சதுர அலகு; பரப்பளவு கூறுமிடத்துக் குறியை விட்டு நீளத்தையே கொள்க.

இதுகாறும் பாடம் இடரின்றிச் சென்றது. யானும் அக்காலத்தில் இவ்வளவில் நிறுத்திவிடுவதே வழக்கம்.

4. ஒரு விடைத்தாள்

யான் ஆசிரியத் தொழிலிற் புகுந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். தவணைப் பரீட்சை வினாத்தாளில் ஒரு வினாவை அமைத்தேன். “(3, 4) என்னும் புள்ளியினூடாகச் சென்று அச்சுகளிற் சமமான வெட்டுத்துண்டுகளை ஆக்கும் நேர்கோட்டின் சமன்பாட்டைக் காண்க” என்பது வினா. இஃது என் சொந்தச் சரக்கன்று. இதனையொத்த வினாக்கள் பயிற்சி நூல்களில் நெடுங்காலமாக உள்ளன. என் புள்ளித் திட்டத்தில் விடை நான்கே வரிகள். வெட்டுத்துண்டுகள் சமனாதலின் இ = அ. எனவே ய/அ + ர/அ = 1; அதாவது ய + ர = அ. (3, 4) ஐ இட, அ = 7. விடை: ய + ர = 7.

வகுப்பில் ஏறக்குறைய யாவரும் இவ்வாறே எழுதியிருந்தனர். ஒருவர் மட்டும் வேறு வழியிற் சென்றார். அவருக்கு வெட்டுத்துண்டு வடிவம் நினைவுக்கு வரவில்லை போலும். படித்திறனை ச எனக் கொண்டு தொடங்கியிருந்தார். (3, 4) இனூடாகச் செல்லும் கோடு ர − 4 = ச(ய − 3). இதில் ர = 0 என இட, ய-அச்சு வெட்டுத்துண்டு 3 − 4/ச. ய = 0 என இட, ர-அச்சு வெட்டுத்துண்டு 4 − 3ச. இரண்டையும் சமப்படுத்தி, ச ஆற் பெருக்கி, ஓர் இருபடிச் சமன்பாட்டை அடைந்தார்:

3ச² − ச − 4 = 0.

இதனைக் காரணிப்படுத்த, (3ச − 4)(ச + 1) = 0. ஆகவே ச = −1 அல்லது ச = 4/3. முதலாவதிலிருந்து ய + ர = 7; இரண்டாவதிலிருந்து 4ய = 3ர. விடைகள் இரண்டு என எழுதி, இரண்டின் கீழும் கோடிட்டிருந்தார்.

யான் சிவப்பு மையால் இரண்டாம் விடையைக் குறுக்கே வெட்டினேன். “உற்பத்தியினூடாகச் செல்லும் கோட்டிற்கு வெட்டுத்துண்டு இல்லை” என ஓரத்தில் எழுதினேன். தேவையற்ற விடைக்காக இரண்டு புள்ளிகளையும் குறைத்தேன்.

விடைத்தாள் பெற்ற அன்று அவர் மேசையருகே வந்து நின்றார். அதிகம் பேசுபவர் அல்லர். “சேர், பூச்சியமும் பூச்சியமும் சமன்தானே?” என்று மட்டும் கேட்டார். யான், “தம்பி, வாய்பாட்டிலே அ பூச்சியமாகக் கூடாது, புத்தகத்தைப் பாரும்” என்றேன். அவர் மறுவார்த்தை கூறாது சென்றுவிட்டார். அவர் சென்றதை யான் உடன்பாடு என்று கருதிக்கொண்டேன்.

5. ஊசியும் அடிமட்டமும்

ஆண்டுகள் சில கழிந்தன. வேறொரு வகுப்பிற்கு வினா அமைக்க எண்ணி, வெட்டுத்துண்டுகள் அளவிற் சமனாய்க் குறி வேறுபடினும் கொள்ளலாம் என்றால் எத்தனை கோடுகள் கிடைக்கும் என ஆராயத் தொடங்கினேன். வரைபுத்தாளில் (3, 4) இல் ஓர் ஊசியைக் குத்தி, அடிமட்டத்தை அதன்மேற் சாய்த்து மெல்லச் சுழற்றினேன். இதனைப் படிப்போரும் அவ்வாறே செய்து பார்த்தல் நன்று.

படித்திறன் −1 ஆக இருக்கும்போது வெட்டுத்துண்டுகள் 7, 7. அடிமட்டத்தைக் கிடையை நோக்கித் திருப்பத் திருப்ப ய-அச்சு வெட்டுத்துண்டு வலப்புறம் வெகுதூரம் ஓடுகின்றது. கிடையானவுடன் அது இல்லாமலே போகின்றது. மேலும் திருப்ப, அது இடப்புறத்து வெகுதூரத்திலிருந்து திரும்பி வருகின்றது. படித்திறன் 1 ஆகும்போது வெட்டுத்துண்டுகள் −1, 1. அளவிற் சமனாய்க் குறியில் மாறுபட்ட கோடு இதுவே; சமன்பாடு ர = ய + 1. மேலும் திருப்பிப் படித்திறன் 2 ஆகும்போது வெட்டுத்துண்டுகள் 1, −2.

இங்கேதான் என் கை நின்றது. படித்திறன் 1 ஆனபோது ய-அச்சு வெட்டுத்துண்டு மற்றையதினும் சிறிது. படித்திறன் 2 ஆனபோது அது மற்றையதினும் பெரிது. இடையிலே இரண்டும் தடைப்படாமல் நகர்ந்தன. சிறிதாயிருந்தது பெரிதாவதற்கு இடையில் ஒருகணம் சமனாயிருந்திருத்தல் வேண்டும். எங்கே சமனாயிற்று? அடிமட்டத்தை மெல்லப் பின்னோக்கித் திருப்பினேன். உற்பத்தியைக் கடக்குமிடத்தில், படித்திறன் 4/3 ஆகுமிடத்தில், இரண்டும் பூச்சியமாகிச் சமனாயின. யான் சிவப்பு மையால் வெட்டிய கோடு அதுவே.

கோடு ய-அச்சை உற்பத்தியிலே வெட்டுகின்றது. ஆகவே அவ்வச்சின் வெட்டுத்துண்டு பூச்சியம். ர-அச்சையும் அங்கேயே வெட்டுகின்றது, அவ்வெட்டுத்துண்டும் பூச்சியம். வெட்டுத்துண்டு இல்லை என்பது வேறு. வெட்டுத்துண்டு பூச்சியம் என்பது வேறு. அச்சிற்குச் சமாந்தரமான கோட்டிற்கே அவ்வச்சில் வெட்டுத்துண்டு இல்லை. இவ்விரண்டையும் யான் ஒன்றெனக் கொண்டு மயங்கினேன்.

அற்றேல், வெட்டுத்துண்டு வடிவம் அக்கோட்டை ஏன் காட்டவில்லை? பரப்பளவு நிறுவலுக்கு மீள்க. இ·ய + அ·ர = அ·இ என்னும் வரி வரையில் எவ்வித நிபந்தனையும் விதிக்கப்படவில்லை. அடுத்த வரியில் அ·இ ஆல் வகுத்தோம். பூச்சியத்தால் வகுத்தல் ஆகாதாதலின், அக்கணமே அ உம் இ உம் பூச்சியமல்ல என்று நாம் உறுதி கூறிவிட்டோம். வாயாற் கூறாவிடினும் கை கூறிற்று. ய² = 3ய என்பதை ய ஆல் வகுத்து ய = 3 எனக் கூறிப் பூச்சியமென்னும் விடையை இழப்பவனும் இதையே செய்கின்றான்.

வகுக்காமல் முன்வரியிலேயே நின்றாலும் பயனுண்டோ எனின், இல்லை. அ, இ இரண்டையும் பூச்சியமாக்க, அவ்வரி 0 = 0 என்றாகின்றது. அஃது எல்லாப் புள்ளிகளுக்கும் பொருந்துமாதலின் எந்தக் கோட்டையும் குறிக்கவில்லை. காரணம் வெளிப்படை. உற்பத்தியினூடாகச் செல்லும் கோட்டிற்கு ப, ம என்னும் இரண்டு புள்ளிகளும் ஒன்றாகிவிடுகின்றன. ஒரு புள்ளியினூடாக எண்ணிறந்த கோடுகள் செல்லும். வெட்டுத்துண்டுகள் பூச்சியம் என்று மட்டும் அறிந்தால் கோட்டைத் தீர்மானிக்க இயலாது. நம் வினாவில் (3, 4) என்னும் இன்னொரு புள்ளி தரப்பட்டிருந்தமையாற்றான் கோடு தீர்மானமாயிற்று.

ஆகவே அம்மாணாக்கர் கண்ட இருபடிச் சமன்பாடு உண்மையை முழுமையாக உரைத்தது. என் வாய்பாடு தனக்கு இயன்ற பாதியை உரைத்தது. யான் பாதியை அளவுகோலாகக் கொண்டு முழுமையைத் திருத்தினேன்.

6. நிகர்மாறுகள்

வெட்டுத்துண்டு வடிவத்திற்கு அகப்படாத கோடுகள் இரு வகையின. அச்சுகளுக்குச் சமாந்தரமானவை ஒருவகை. உற்பத்தியினூடாகச் செல்வன மற்றொருவகை. இவற்றுள் முதல்வகையை ஓர் எளிய உபாயத்தால் உள்ளே கொணரலாம்.

வெட்டுத்துண்டுகளுக்குப் பதிலாக அவற்றின் நிகர்மாறுகளைக் கொள்க. அதாவது 1/அ ஐ ல என்றும் 1/இ ஐ வ என்றும் எழுதுக. சமன்பாடு ல·ய + வ·ர = 1 என்றாகும். கோடு ய-அச்சிற்குச் சமாந்தரமாகச் சாயச் சாய அ வரம்பின்றிப் பெருகும். ஆனால் அதன் நிகர்மாறாகிய ல பூச்சியத்தை நெருங்கும். ஆகவே ல = 0 என இடச் சமாந்தரக் கோடு இயல்பாகவே கிடைக்கின்றது. வெகுதூரத்தில் ஒளித்திருந்தது கைக்கெட்டிய பூச்சியமாய் வந்து நிற்கின்றது.

இவ்வுபாயம் வகுப்பறை விளையாட்டன்று. செருமானியக் கணிதவறிஞர் பிளக்கர், 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வெட்டுத்துண்டுகளின் நிகர்மாறுகளைக் குறிமாற்றிக் கொண்டு அவற்றையே கோட்டின் ஆள்கூறுகள் என வழங்கினார். புள்ளிக்கு ஆள்கூறு இருப்பதுபோலக் கோட்டிற்கும் உண்டு என்னும் கருத்து அதனாற் கேத்திரகணிதத்தில் வேரூன்றிற்று. கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்து வில்லியம் கலோவெசு மில்லர் 1839 இல் வெளியிட்ட பளிங்கியல் நூலில், பளிங்குகளின் முகங்களைக் குறிக்க இதனையொத்த முறையைக் கையாண்டார். ஒரு முகம் மூன்று அச்சுகளுள் முதலாவதை 2 அலகிலும் இரண்டாவதை 3 அலகிலும் வெட்டி, மூன்றாவதற்குச் சமாந்தரமாயின், நிகர்மாறுகள் ½, ⅓, 0. பின்னம் நீக்க 3, 2, 0. உப்பு, வைரம் முதலிய பளிங்குகளை ஆராய்வோர் இன்றும் மில்லர் சுட்டிகள் என்னும் பெயரால் வழங்குவன இவையே.

எஞ்சிய இரண்டாம் வகைக்கு இவ்வுபாயமும் உதவாது. அவற்றையும் அடக்கவேண்டின் பொதுவடிவிற்கே செல்லவேண்டும்: க·ய + ட·ர + ந = 0. க உம் ட உம் ஒருங்கே பூச்சியமல்ல என்பதொன்றே நிபந்தனை. ந பூச்சியமாயிற் கோடு உற்பத்தியினூடாகச் செல்லும். க, ட, ந மூன்றும் பூச்சியமல்லவாயின் வெட்டுத்துண்டுகள் −ந/க, −ந/ட. பொதுவடிவம் எக்கோட்டையும் புறக்கணிப்பதில்லை.

7. வில்லைப் பரிசோதனை

வெட்டுத்துண்டு வடிவத்தின் குறையையே கூறி முடிப்பது நீதியன்று. அதன் பயனுக்குப் பௌதிகவியற் கூடத்திலிருந்து ஒரு சான்று தருவேன். குவிவுவில்லையொன்றின் முன் ஒரு பொருளை வைத்துத் திரையில் அதன் மெய்விம்பத்தைப் பெறும்போது, பொருட்டூரம் பொ, விம்பத்தூரம் வி, குவியத்தூரம் கு என்பவற்றை அளவுகளாக மட்டும் கொள்ளின்,

1/பொ + 1/வி = 1/கு.

இதனைக் கு ஆற் பெருக்குக: கு/பொ + கு/வி = 1. இப்பொழுது வெட்டுத்துண்டு வடிவத்தை அருகில் வைத்து நோக்குக. பொ, வி என்பவற்றை வெட்டுத்துண்டுகளாகக் கொண்ட கோட்டில் (கு, கு) என்னும் புள்ளி கிடக்கின்றது என்பதன்றோ இதன் பொருள்? பொருளை எங்கே வைத்தாலும் கு மாறுவதில்லை. ஆகவே எத்தனை அளவீடுகள் எடுத்து எத்தனை கோடுகள் வரைந்தாலும் யாவும் ஒரே புள்ளியிற் சந்திக்கவேண்டும்.

குவியத்தூரம் 10 சதமமீற்றர் ஆகவுள்ள வில்லையைக் கொள்வோம். பொருட்டூரம் 15 எனின் விம்பத்தூரம் 30. 20 எனின் 20. 30 எனின் 15. 60 எனின் 12. பொருட்டூரத்தை ய-அச்சிலும் விம்பத்தூரத்தை ர-அச்சிலும் குறித்து இணைக்க, நான்கு கோடுகளும் (10, 10) இற் கூடும். உண்மையான பரிசோதனையில் அளவீட்டு வழுவினாற் கோடுகள் சற்றே விலகி ஒரு சிறு சிக்கலாய் அமையும். அச்சிக்கலின் நடுவை எடுத்துக்கொள்க. ஒரு கோடு மட்டும் தனித்துத் தூரச் சென்றால் அவ்வளவீட்டை மீளச் செய்க. பெருக்கல் வகுத்தல் ஏதுமின்றி, அடிமட்டம் ஒன்றினாலேயே விடையும் கிடைக்கின்றது. வழுவும் கண்ணுக்குப் புலனாகின்றது.

8. முடிவுரை

பாடம் இவ்வளவே. வினாத்தாள் அமைக்கும் ஆசிரியர்க்கு ஒரு சொல்: பூச்சியமல்லாத சமமான வெட்டுத்துண்டுகள் என்று கேட்பின் விடை ஒன்றே. அச்சொல்லை விடின் விடை இரண்டு. நாம் எழுதாத நிபந்தனையை மாணாக்கர் அறிந்திருக்கவேண்டும் என எதிர்பார்த்தல் முறையன்று. மாணாக்கர்க்கு ஒரு சொல்: வாய்பாட்டை மனனஞ் செய்யுமுன் அஃது எந்த வரியிற் பிறந்தது என்று பாரும், அவ்வரியில் எதனால் வகுத்தார்கள் என்று கேளும். வாய்பாடு எதனை விலக்குகின்றது என்பதை அறிந்தவனுக்கே அது முழுமையாகச் சொந்தம்.

யான் என் பிழையை அறிந்த காலத்தில் அம்மாணாக்கர் அப்பாடசாலையை விட்டு நீங்கியிருந்தார். அவர் சென்ற இடமும் எனக்குத் தெரியவில்லை. அன்று முதல் இப்பாடத்தைப் படிப்பிக்கும்போதெல்லாம், பெயர் கூறாது, அவருடைய தீர்வையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதை ஒரு கடமையாகக் கொண்டேன். நேர்கோட்டைத் தீர்மானிக்க இரண்டு புள்ளிகள் போதும். யான் அவரிடமிருந்து குறைத்தனவும் இரண்டு புள்ளிகளே. இம்மலர் எவ்வழியிலேனும் அவர் கைக்குச் செல்லுமாயின், அவ்விரண்டையும் இன்று திருப்பித் தந்தேன் எனக் கொள்வாராக.

பயிற்சி

1. வெட்டுத்துண்டுகள் 5, −3 ஆகவுள்ள கோட்டின் சமன்பாட்டைக் காண்க.

2. 4ய + 7ர = 28 என்னும் கோடு அச்சுகளோடு ஆக்கும் முக்கோணியின் பரப்பளவு யாது?

3. ஒரு கோட்டில் அச்சுகளுக்கிடையே அகப்பட்ட துண்டத்தின் நடுப்புள்ளி (2, 3). கோட்டின் சமன்பாடு யாது?

4. (1, 2) இனூடாகச் செல்லும் கோடுகளுள், வெட்டுத்துண்டுகளின் கூட்டுத்தொகை 6 ஆகவுள்ளவற்றைக் காண்க.

5. (3, 3) இனூடாகச் சென்று அளவிற் சமமான வெட்டுத்துண்டுகளை ஆக்கும் கோடுகள் எத்தனை? (3, 4) இற்கு மூன்று கிடைத்திருக்க, இங்கு அத்தொகை குறைவது ஏன்?

விடைகள்: (1) 3ய − 5ர = 15. (2) 14 சதுர அலகு. (3) 3ய + 2ர = 12. (4) 2ய + ர = 4; ய + ர = 3. (5) இரண்டு: ய + ர = 6, ய = ர. படித்திறன் 1 ஆகவுள்ள கோடே இங்கு உற்பத்தியினூடாகவும் செல்வதால் இரண்டு கோடுகள் ஒன்றாயின.